முரசுப் பரியாரியாரும் உள்ளங்கைச் சீனியும்

கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் எங்கள் பெரியகல்லாற்றில், முரசுப் பரியாரியாருக்குத் தமது வாயைத் திறந்து காட்டாமல் வாழ்ந்து முடித்தவர் எவரும் இலர் என்று துணிந்து எழுதுகிறேன். காட்ட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவர் சிலர் இருந்தனர். அவர்கள் கொட்டாவி விட்ட வேளையில் அவர் பார்த்துக்கொண்டார்.

பல்லைப் பற்றி நிற்கும் சதையை எங்கள் பக்கத்தில் முரசு என்போம். பரியாரியாருக்குப் பல்லின்மீது பெரிய மதிப்பொன்றும் கிடையாது. "பல்லு வாடகைக்கு இரிக்கிறவன், மனேச்சர். முரசுதான் வீட்டுக்காரன்" என்பார். மனேச்சர் என்றது என்னை. நான் அக்காலத்தில் கூட்டுறவுச் சங்கக்கடையின் முகாமையாளன். வைகாசி மாதத்தில், அம்மனின் சீற்றத்தைத் தணிக்கும் கோவில் குளிர்த்திச் சடங்குக்கு அவள் கதை ஏட்டைப் படிப்பவன். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரையே கற்றேன். எஞ்சிய தமிழ் முழுவதும் அந்த ஏட்டிலிருந்து நான் எடுத்துக்கொண்டது.

அவர் பரம்பரை வைத்தியர் அல்லர். அரசாங்க வைத்தியசாலையொன்றின் பல் வைத்தியப் பிரிவில் சிற்றூழியராக இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர். நோயாளியின் தாடைக்குக் கீழே கிண்ணம் ஏந்தி நிற்பது அவர் கடமை. அக்கிண்ணத்தில் விழுந்தவற்றைக் கொண்டே ஒரு சாஸ்திரத்தைக் கட்டி எழுப்பியிருந்தார். நீரிழிவு எனப்படும் சீனி வருத்தம் மனிதனைப் பிடிக்கும் முன்னர் முரசில் வந்து ஆள் பார்க்கும். முரசு பழுதாகிவிட்டால், அதன் பிறகு சீனியும் இறங்க மறுக்கும். ஆகவே இரண்டும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிற்கும் இரண்டு கள்வர்கள் என்பது அச்சாஸ்திரத்தின் சாரம். அது பெருமளவுக்கு உண்மையே என்பதைப் பிற்காலத்தில் படித்த வைத்தியர்கள் வாயாலேயே கேட்டேன். அந்நாளில் அவரைப் பைத்தியம் என்றோம்.

சட்டைப் பையில் ஒரு டோர்ச், கம்பி நுனியில் பொருத்திய காசளவுக் கண்ணாடி. இவை இரண்டுமே அவருடைய ஆயுதங்கள். முகங்களை அவர் நினைவில் வைத்திருப்பதில்லை. எதிரே நின்று வணக்கம் சொல்பவரை வெறித்துப் பார்ப்பார். அவர் வாயைத் திறந்ததும் பரியாரியார் முகம் மலரும். "ஓ! இடப்பக்கம் மேல் கடைவாய்! கொழும்பில இரிந்து எப்ப வந்த, தம்பி?"

அவருடைய பற்களோ முத்துக் கோத்த வரிசை. ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு அப்படியொரு வரிசை அமைந்ததைக் கண்டே ஊரார் அவருடைய பேச்சுக்கு ஓரளவு செவிசாய்த்தனர்.

ஒரு முறை களுவாஞ்சிக்குடியிலிருந்து எங்கள் ஊர்ப் பெண்ணொருத்திக்கு மாப்பிள்ளை பேசி வந்தார்கள். அயலவர் என்ற முறையில் பரியாரியாரும் நானும் பந்தலில் இருந்தோம். யாரோ சொன்ன பகிடிக்கு மாப்பிள்ளை சிரித்தார். பரியாரியார் கதிரையோடு முன்னே நகர்ந்தார்.

"தம்பி, இன்னொருக்காச் சிரிங்க."

"என்னத்துக்கு?"

"முதல் சிரிப்பில ரத்தம் கண்ட மாதிரி இரிந்திச்சு."

மாப்பிள்ளையின் தாயார் பலகாரத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ஆர் கா இந்த மனிசன்? மாட்டுக்குப் பல்லுப் பாக்கிற மாதிரியெல்லுவா எண்ட புள்ளையப் பாக்கிறான்!"

"மாட்டுக்குப் பாக்கிறது வயசு, அம்மா. நான் பாக்கிறது சீனி. கலியாணத்துக்குச் சாதகம் பாத்த காணும், மூத்திரமும் ஒருக்காப் பாத்திருங்க."

பந்தல் அன்று இரண்டுபட்டது. ஆயினும் மாப்பிள்ளை ஒருவருக்கும் சொல்லாமல் போய்ச் சோதித்தார். சீனி இருந்தது. குளிசை போட்டார், கலியாணமும் நடந்தது. அதன் பிறகு பரியாரியாரைக் காணும் இடமெல்லாம் அவர் வாயை இறுக மூடிக்கொண்டு போனார். அப்படி மூடிக்கொண்ட வாய்க்குள் பற்கள் முழுவதும் பத்திரமாக இருந்ததை அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

போர்க் காலத்தில் கம்பியில் பொருத்திய கண்ணாடியோடு சோதனைச் சாவடியைக் கடப்பது எளிய காரியமன்று. ஒரு நாள் சிப்பாய் ஒருவன் அதைப் பையிலிருந்து எடுத்துத் தூக்கிப் பிடித்தான். வாகனங்களின் அடிப்பக்கத்தைப் பார்ப்பதற்கு அவனிடமும் நீண்ட தடியில் பொருத்திய பெரிய கண்ணாடி இருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு இருந்த ஐயம் நியாயமானது.

"இது என்ன?"

"மாத்தயா, நீங்க வாகனத்துக்குக் கீழ பாக்கிற. நான் பல்லுக்குக் கீழ பாக்கிற. ரெண்டு பேரும் ஒரே தொழில்தான்."

 வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் இஷ்ட தெய்வத்தை அழைக்கத் தொடங்கினார்.  சிப்பாய் துவக்கை ஒரு கையால் பிடித்தபடி, மறு கையால் கன்னத்தை இழுத்து, கடைவாயைக் காட்டினான். கொளுத்தும் வெயிலில் அரை மணித்தியாலம் நாங்கள் நின்றோம். அவன் 'ஆ' என்று நின்றான். "முரசு வீங்கிக் கிடக்கு, மாத்தயா. உப்புத் தண்ணியால கொப்பளிங்க. நாளைக்கே பல் டொக்டரிட்டக் காட்டுங்க" என்று தீர்ப்பு வழங்கிவிட்டு அவர் போனார். மறுநாள் முதல் அவருக்கு அடையாள அட்டை தேவைப்படவில்லை. எங்களுக்குத் தேவைப்பட்டது.

பிறகு அந்த மார்கழி மாதத்து ஞாயிறு வந்தது.

கடல் எழுந்து வந்த அன்று யார் யாரை இழந்தோம் என்பதை எழுத இது இடமன்று. நானும் என் மனைவியும் வாவிக் கரைப் பக்கம் ஓடித் தப்பினோம். அமைதியாக மூச்சு விட முடிந்தபோது என் இடுப்பில் வீட்டுப் பூட்டின் திறப்பு இருந்தது. வீடு இருக்கவில்லை.

பள்ளிக்கூடமொன்றில் முகாம் அமைந்தது. மூன்றாம் நாள் பரியாரியார் அங்கு வந்து சேர்ந்தார். மூக்கிலிருந்து மோவாய் வரை ஒரு துவாயால் இறுகக் கட்டியிருந்தார். பேச்சு துவாய்க்குள் புதைந்து, பாதி காற்றாகவே வெளியேறிற்று.

"என்ன பரியாரியார், காயமா?"

"கிருமி, மனேச்சர், கிருமி. முகாமுக்குள்ள வாயத் திறந்து கதைக்கப்படாது." அடுத்த கணமே டோர்ச்சை எடுத்தார். "ம், ஆ காட்டுங்க."

நாலா திசையிலிருந்தும் நிவாரணம் வந்து குவிந்தது. பிஸ்கட் வந்தது, சோடா வந்தது, டொபி வந்தது, மூட்டை மூட்டையாகச் சீனி வந்தது. பரியாரியார் வரிசையின் தலைப்பில் நின்று, "சீனிக்காரர் இஞ்சால வாங்க" என்று எங்களைப் பிரித்தெடுத்துப் பருப்புப் பக்கம் ஓட்டினார். என் மனைவி வானத்தைப் பார்த்துச் சொன்னாள்: "அவ்வளவு பேரக் கொண்டுபோன கடல், இந்தாள விட்டுட்டுப் போனது எங்களத் தண்டிக்கத்தான்."

எனக்கும் சீனி வருத்தம் உண்டு. குளிசைகளைக் கடல் கொண்டு போயிற்று. சில வாரங்களில் முரசில் இரத்தம் கசிந்தது. கீழ்வரிசை முன்பற்கள் நான்கும் நாக்குப் பட்டால் தலையாட்டின. வைகாசிக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன. முன்பல் இல்லாத வாயால் ஏடு படித்தால் அம்மனின் ஆவேசம் சீழ்க்கையாகவே வெளிவரும். அடுத்த தெருவில் ஒருவர் ஆண்டுக் கணக்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டு என் இடத்துக்குக் காத்திருந்தார். வீடு போனபோது அழாத நான், அந்த நான்கு பற்களை எண்ணி மதிலோரம் நின்று அழுதேன். வீட்டை எவராவது கட்டித் தருவர். ஏடு போனால் நான் வெறும் ஐந்தாம் வகுப்புக்காரன்.

முகாமுக்கு யாழ்ப்பாணத்துப் பல் வைத்தியரான இளம் அம்மையார் ஒருவர் வந்தார். என் வாயைப் பார்த்துவிட்டு, "ஐயா, சீனி கூடிப்போச்சு. முரசும் பழுது. குளிசையை ஒழுங்காப் போட்டு, பல்லைச் சுத்தம் செய்யோணும். இல்லாட்டி இந்த நாலும் நிக்காது" என்றார்.

பரியாரியார் குறுக்கிட்டார். "இலை குழை ஒண்டும் உதவாதோ, டொக்டர் அம்மா?"

அம்மையார் பொறுமைசாலி. "கொய்யா இலை, மாதுளந்தோல், பச்சைத் தேயிலை, இதுகளில ஒட்சியேற்ற எதிரிகள் எண்டு சில பொருள்கள் இருக்கு. சீனி கூடின உடம்பில துருப்பிடிக்கிற மாதிரி ஒரு வேலை நடக்கும். முரசு அதால இன்னும் புண்ணாகும். இந்தப் பொருள்கள் அதைத் தணிக்குமோ எண்டு ஆராய்ச்சி செய்யினம். ஆனால்..."

அந்த 'ஆனால்' அவர் வாயிலிருந்து புறப்பட்டபோது பரியாரியார் மதிலுக்கு அப்பால் கொய்யா மரத்தடியில் நின்றார். "...இதுகள் துணைக்குத்தான். சுத்தம் செய்யிறதுக்கும் குளிசைக்கும் பதிலா ஒருநாளும் இல்லை" என்ற மீதியைக் கேட்டவன் நான் ஒருவனே. கேட்டும் கேளாதவன்போல் இருந்துவிட்டேன். அம்மையாரின் தட்டில் கிடந்த கொக்கி வைத்த இரும்புக் கருவிகளை நான் பார்த்திருந்தேன். கொய்யா இலைக்குக் கொக்கி கிடையாது.

மறுநாளே சீனிக்காரர் பதினொரு பேரைப் பூவரச மரத்தடியில் கூட்டினார். என் இடுப்பிலிருந்த திறப்பைப் பிடுங்கி உயர்த்தினார்.

"பாருங்க. கடல் தண்ணி பட்டு இது துருப்பிடிச்சிட்டு. சீனித் தண்ணியில ஊறின முரசும் இப்படித்தான். இந்த இலைச் சாறுக்குள்ள துருவுக்கு எதிரி இரிக்கி. வெள்ளனே வெறும் வயித்தில வாயில வெச்சுக் கொப்பளிச்சு, மறுகா விழுங்கோணும். கசாயத்துக்குள்ள ஒரு துண்டுச் சீனி விழப்படாது. விழுந்திச்சோ, நான் மனிசனா இரிக்க மாட்டன்!"

"இப்ப மட்டும்?" என்றாள் மீன் விற்கும் செல்லம்மா.

கொய்யாக் கொழுந்தும் மாதுளந்தோலும் இட்டு அவித்த அக்கசாயத்தின் கசப்பை எழுத என் தமிழ் போதாது. நாள்தோறும் காலையில் அவர் பதினொரு குவளைகளிலும் வார்த்துக் கொடுத்துவிட்டு, மறுநாளைக்கு இலை பறிக்க வாவிக் கரைக்குப் போய்விடுவார். நாங்கள் ஒருநாளும் தவறாமல் குடித்தோம். பங்குனியில் அம்மையார் மீண்டும் வந்து இரத்தம் சோதித்தார். பதினொரு பேருக்கும் சீனி ஏறியிருந்தது. எல்லாரையும்விட எனக்கு. பற்கள் நான்கும் இப்போது நாக்குப் படாமலே ஆடின.

பரியாரியார் அன்று முழுதும் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் காலை அவர் வழக்கம்போல் வார்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். கத்தியை மறந்துவிட்டுப் போனவர், பாதி வழியில் திரும்பி வந்தார். வந்தவர் கண்டது இது: பதினொரு வலக்கைகளில் கசாயக் குவளை, பதினொரு இடக்கைகளின் உள்ளங்கையில் குவியலாகச் சீனி. ஒரு மிடறு, ஒரு நக்கு. ஒரு மிடறு, ஒரு நக்கு.

எங்கள் பக்கத்தில் வெறுந்தேநீர் குடிப்பது அப்படித்தான். சீனியைக் கரைக்க மாட்டோம், உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொள்வோம். வலக்கையில் கசப்பு வந்தால் இடக்கையில் சீனி வருவது எங்களுக்கு மூச்சு விடுவதைப் போன்றது. நிவாரணச் சீனிக்கோ முகாமில் பஞ்சமே இல்லை. கசாயத்தின் கசப்புக்குத் தேநீருக்கு வைப்பதுபோல் மும்மடங்கு வைத்தோம்.

"என்ன இது?" துவாய்க்குள்ளிருந்து குரல் வந்தது.

"சீனி" என்றாள் செல்லம்மா.

"சீனி எண்டு எனக்கும் தெரியும்! கசாயத்துக்கு என்னத்துக்குச் சீனி?"

"அம்மன்மேல சத்தியம், பரியாரியார், கசாயத்துக்குள்ள ஒரு துண்டும் போடல்ல. நீங்க சொன்னபடிதான். கையிலதானே வெச்சிருக்கம்!"

"கசப்பக் குடிச்சா நக்காம எப்படி, அண்ணன்?" என்றாள் என் மனைவி. அவளே நாள்தோறும் எனக்கு அள்ளி வைப்பவள்.

அவர் என் பக்கம் திரும்பினார். நான் கையை மூடிக்கொண்டேன். வியர்வையில் கரைந்த சீனி விரலிடுக்குகளால் ஒழுகிற்று.

"மனேச்சர்... ஏடு பிடிக்கிற கை."

"ஏடு பிடிக்கிறது வலக்கையால, பரியாரியார்" என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன மறுமொழிகளுள் அதனிலும் கீழானது இல்லை.

அப்போது அவர் துவாயைப் பற்றி இழுத்து நிலத்தில் எறிந்தார். வாயை அகலத் திறந்தார். உள்ளே ஒரு பல்லும் இல்லை.

"பாருங்க! எல்லாரும் நல்லாப் பாருங்க! நாப்பது வயசுக்குள்ள எனக்குப் போனது இது. சீனி எண்டு ஒருத்தரும் சொல்லல்ல. ஊரார்ர வாயெல்லாம் பாத்த டொக்டர்மாருக்குக் கிண்ணம் பிடிக்கிறவண்ட வாயைப் பாக்க நேரமில்ல. ஒவ்வொண்டா, நான் பிடிச்சிரிந்த கிண்ணத்துக்குள்ளயே விழுந்திச்சு."

  என் மனைவிதான் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப அந்த முத்துப் பல்லு, அண்ணன்?"

"கட்டின பல்லு, தங்கச்சி. கடல் கொண்டு போயிட்டு."

செல்லம்மா கடல் இருந்த திசையைப் பார்த்தாள். கணவனையும் வள்ளத்தையும் அதே கடலுக்குக் கொடுத்தவள் அவள். "எந்தச் சுறாவுக்குப் பொருந்திச்சோ, பாவம்" என்றாள்.

முதலில் சிரித்தவர் பரியாரியார். பல்லில்லாத சிரிப்பு, அதில் மறைப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. பிறகு பதினொரு பேரும் சிரித்தோம். அந்த முகாமில், கடல் வந்த பிறகு, நாங்கள் சிரித்த முதற் சிரிப்பு அது. சிரித்துக்கொண்டே எல்லாரும் உள்ளங்கையைத் தட்டிவிட்டோம். பூவரசடி எறும்புகளுக்கு அன்று திருவிழா.

மறுநாள் அவரே என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் அம்மையாரின் கதிரையில் இருத்தினார். உதவிக்கு நின்ற தாதியிடமிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். "மனேச்சருக்கு நான் பிடிக்கிறன்" என்றார். கொக்கி வைத்த இரும்புகள் தம் வேலையைச் செய்தன. நான்கில் ஒன்று அவருடைய கிண்ணத்தில் விழுந்தது. மூன்று நின்றன, குளிசையும் கட்டுப்பாடும் சேர, நாளடைவில் இறுகின. இலைத்தண்ணீரை அவர் கைவிடவில்லை. ஆனால் "கொப்பளிச்சுத் துப்புங்க, துணைக்குத்தான்" என்று திருத்திக்கொண்டார். 'ஆனால்' என்ற சொல்லுக்குப் பின்வருவதை அவர் கேட்கப் பழகியது அவ்வாண்டில்தான். வாய் பார்க்கும் முன்னர் இடது உள்ளங்கையைப் பார்ப்பதும் அன்றுமுதல் வழக்கமாயிற்று. புதிதாக வந்தவர்கள் அவரைக் கைரேகை சாஸ்திரி என்று எண்ணிப் பிறந்த நட்சத்திரம் சொன்னார்கள்.

மாற்றலாகிப் போகும் முன்னர் அம்மையார் அவருக்குப் புதிய பல்வரிசை செய்வித்துக் கொடுத்தார். அவர் அணியவில்லை. "பல்லக் கண்டா சனம் என்னை மதிக்கும், மனேச்சர். பல்லில்லாட்டித்தான் பயப்பிடும். பயந்தாத்தான் குளிசை போடும்" என்றார். அதன் பிறகு சந்தியில் எவராவது சோடாப் போத்தலைத் திறந்தால், எதிரே போய் நின்று ஒரு வார்த்தையும் பேசாமல் தமது வாயைத் திறந்து காட்டுவார். சோடாக் கடைக்காரர் அவரைக் கண்டாலே கும்பிட்டார்.

வன்னியில் போர் முடிந்துவிட்டதென்று வானொலி சொன்னது ஒரு வைகாசியில். சாவடியில் வெடி கொளுத்தினார்கள். எங்கள் ஊரில் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். அங்கே பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் இங்கும் இருந்தன. அவ்வாண்டு குளிர்த்திக்குச் சனம் கோவிலில் நெருக்கி நின்றது. வழக்கம்போல் நானே ஏடு படித்தேன். ஒரு நகரையே எரித்த சீற்றம் தணிந்து அம்மன் குளிரும் இடத்தில் என் குரல் ஒருமுறை உடைந்தது. பல் உடைக்கவில்லை, வேறு ஏதோ உடைத்தது. எதிரே முதல் வரிசையில் பரியாரியார் இருந்தார். எல்லாரும் அம்மனைப் பார்க்க, அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் கேட்டேன். "எப்படி, பரியாரியார்?"

"கீழ் முரசு நல்ல இளஞ்சிவப்பு" என்றார். போகத் திரும்பியபடி, "ஏடும் பறவாயில்ல" என்றார்.

அதற்கடுத்த ஆண்டு ஒரு காலையில் அவர் எழவில்லை. மனைவி மக்கள் இல்லாதவர். குளிப்பாட்டி உடுத்தும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். உறவினர் ஒருவர், "பல்லு வெச்சா முகம் எடுப்பா இரிக்கும்" என்றார். தேடினேன். யன்னலோரம் ஒரு குவளையில், கொய்யா இலைத்தண்ணீருக்குள் புத்தம் புதிதாகக் கிடந்தது. அதை எடுத்துக் கழுவித் துடைத்துவிட்டு, திரும்பவும் குவளைக்குள்ளேயே வைத்தேன். அவர் விரும்பாததை அவர்மீது ஏன் மாட்ட வேண்டும்?

பிறகு எல்லாரையும் வெளியே போகச் சொன்னேன். அவருடைய பையிலிருந்து டோர்ச்சையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு அருகில் அமர்ந்தேன். "பரியாரியார், ஆ காட்டுங்க" என்றேன். மேல் முரசு, கீழ் முரசு, இடம், வலம் என்று அவர் சொல்லித் தந்த ஒழுங்கிலேயே பார்த்தேன். ஒரு புண் இல்லை, ஒரு கறை இல்லை.

வாசலில் பறை தொடங்கிவிட்டது. கதவைத் தட்டி, நேரமாகிறது என்றார்கள். அவருடைய வாயைப் பார்க்க அன்று எனக்கு நிறைய நேரம் இருந்தது.